பிள்ளைக்காம்பராவில் ஒரு பெரிய பிள்ளை

ஸ்பிரிங்வெளியில் உத்தியோகம் முடிந்து வீட்டோடு இருக்கும் மனுசனுக்கு ஊர் ஒதுக்கி வைத்திருக்கும் வேலைகள் கொஞ்சம்தான். மாரியம்மன் கோயில் கமிட்டியில் பொருளாளராகலாம். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போஞ்சி போட்டு, விளைந்ததைக் குரங்குக்குக் கொடுக்கலாம். மாதம் ஒருமுறை பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய், கிளினிக் வரிசையில் நிற்கும் மற்றச் சீனி வியாதிக்காரர்களிடம் அரசாங்கத்தைப் பற்றிப் பேசலாம். இதையெல்லாம் குறைவில்லாமல் செய்துகொண்டிருந்த நான், போதாக்குறைக்கு மொடியூலர் சிந்தசைசரும் கற்றுக்கொள்ளப் போனேன்.

"வயசான காலத்துல தேவாரம் படிக்கப் போறேன்னாலும் ஒரு அர்த்தம் இருக்கு" என்றாள் வீட்டம்மா. மகனும் மருமகளும் அவள் கட்சி. என் கட்சியில் பேத்தி மட்டும். சரியாகச் சொன்னால் நான்தான் அவள் கட்சி. பத்தாம் ஆண்டு படிக்கும் பெண்பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை தனியாக எங்கேயோ அனுப்ப முடியாது என்று துணைக்கு அனுப்பப்பட்டவன் நான். துணைக்குப் போனவன் பாயில் உட்கார்ந்து பாடம் கேட்கத் தொடங்கியதை வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

என் தகுதிகளையும் சொல்லிவிட வேண்டும். தேயிலை ஸ்டோரில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவன். கொழுந்து ரோலரிலிருந்து இறங்கி, பச்சை நிறம் செம்பாகி, மணம் மாறுகிற அந்த ஒரு நேரம் இருக்கிறதே, அதை மூக்கால் பிடித்து "இப்ப ட்ரையருக்கு ஏத்து" என்று சொன்னவன். ஜூலை முதல் செப்டம்பர் வரை நமுனுகுலை மலைச்சரிவில் வறண்ட காற்று வீசும்போது ஊவாத் தேயிலைக்கு வரும் அந்த மணத்துக்காகக் கொழும்பு ஏலத்தில் விலை ஏறும். அந்த மாதங்களில் நான் காற்றையே உண்டாக்கியவன் மாதிரி நடந்துகொண்டதாக வீட்டில் ஒரு குற்றச்சாட்டு உண்டு. இது தவிர, மார்கழி பஜனையில் ஹார்மோனியம் வாசிப்பவன். வாசிப்பவன் என்பது என் வாக்குமூலம். வீட்டம்மா சொல்வது, அமுக்குபவர்.

வகுப்பு நடந்தது பிள்ளைக்காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். இப்போது பலகையில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று எழுதியிருந்தாலும் ஊர் வாயில் அது பிள்ளைக்காம்பராதான். ஞாயிறுகளில் பிள்ளைகள் வராததால் சாவி கிடைத்தது. சுவரில் அ-வுக்கு அம்மா, ஆ-வுக்கு ஆடு. கதிரைகள் நாலு வயதுக்கானவை. அதில் உட்கார முயன்று, உட்கார்ந்தும்விட்டு, எழும்பும்போது கதிரையும் என்னோடு எழும்பியதால் அடுத்த வாரத்திலிருந்து எனக்குப் பாய்.

சொல்லிக்கொடுத்தவன் எங்கள் கீழ் டிவிசனில் பிறந்த பையன். கொழும்பில் வேலை, லீவுக்கு வந்தால் இந்த வேலை. வந்திருந்தவர்கள் ஏ லெவல் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் சில பிள்ளைகள், திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடும் ஓட்டோக்காரர், தப்பு அடிக்கிற பெரியவர் ஒருவர், பேத்தி, நான். அந்தப் பையனின் தகப்பனை நான் ஸ்டோரில் ஆயிரம் தடவை ஏசியிருக்கிறேன். அதை அவன் நினைவில் வைத்திருக்கிறானா என்று முதல் ஞாயிறு முழுக்கக் கவலைப்பட்டேன். "வாங்க மாமா" என்று பாயை விரித்துப் போட்டான். நினைவில் வைத்திருக்கிறான் என்று உறுதியாயிற்று.

மொடியூலர் சிந்தசைசர் என்றால் என்ன என்று அவன் ஒரு மணி நேரம் விளக்கினான். பிள்ளைகளுக்கு விளங்கியது. எனக்கு அது விளங்கியது, வீட்டுக்கு வந்து பிளேன்டீயைக் கையில் எடுத்த பிறகுதான். அது ஒரு தேயிலை ஸ்டோர். வேறொன்றுமில்லை.

ஸ்டோரில் என்ன இருக்கிறது? மேலே வாட்டும் தொட்டி, கீழே ரோலர், புளிக்கவைக்கும் மேசை, ட்ரையர், சல்லடை. ஒவ்வொன்றும் தனி மெசின், தனி வேலை. கொழுந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிறது. இந்தப் பெட்டியிலும் அப்படித்தான். ஒஸிலேட்டர் என்ற மெசினிலிருந்து சத்தம் பச்சைக் கொழுந்தாக வருகிறது. ஃபில்டர் அதைச் சலிக்கிறது. இன்னொரு மெசின் எவ்வளவு வெளியே விடுவது என்று அளக்கிறது. கடையில் விற்கும் கீபோர்டிலும் இதெல்லாம் உண்டு. ஆனால் எது எதற்குப் பிறகு என்பதை ஜப்பான்காரன் முடிவுசெய்து உள்ளே பூட்டிவிட்டான். மொடியூலரில் மெசின்களுக்கு இடையில் கால்வாய் கிடையாது. வயரை நீங்களே சொருக வேண்டும். சலித்த பிறகு உருட்டலாம். உலர்த்தியதைத் திரும்ப வாட்டப் போடலாம். கடைசியில் வந்த தூளை முதல் தொட்டிக்கே திருப்பி அனுப்பி, ஸ்டோர் முழுக்க ஓலமிடும்படி செய்யலாம். என் உத்தியோக காலத்தில் ஒருவன் இதில் ஒன்றைச் செய்திருந்தால் அன்றைக்கே அவனுக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை.

இதற்கு மேல்தான் விசயமே இருக்கிறது. பெட்டியில் கொழுந்து மட்டும் ஓடவில்லை, உத்தரவும் ஓடுகிறது. சத்தம் ஒரு வயரில். "உயரப் போ, இறங்கு, திற, மூடு" என்று சொல்லும் வோல்ட்டேஜ் இன்னொரு வயரில். ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும், இன்னொரு வோல்ட் கூட்டினால் இன்னொரு ஸ்தாயி. துரை ஒரு வார்த்தை சொன்னால் கணக்கப்பிள்ளை ஒரு படி உயரக் கத்துவார், அந்தக் கணக்கு. "தொடங்கு" என்று தட்டிவிடும் வோல்ட்டேஜ் தனியாக ஒன்று உண்டு. அது, தோட்டத்தை எழுப்ப விடியுமுன் அடித்த பிரட்டுத் தப்பு.

1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் இரண்டு பேர் இந்தப் பெட்டியைத் தனித்தனியே செய்தார்கள். சான் பிரான்சிஸ்கோ பக்கம் டொன் புக்லா, நியூயோர்க் பக்கம் ரொபர்ட் மோக். புக்லாவின் பெட்டியில் சத்தத்துக்கு ஒரு வகைத் துளை, உத்தரவுக்கு வேறு வகைத் துளை. மாற்றிச் சொருகவே முடியாது. பங்களாவுக்கு ஒரு வாசல், லயத்துக்கு ஒரு வாசல். மோக் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே துளையை வைத்துவிட்டார். இன்றைக்கு உலகம் முழுக்கப் பரவியிருக்கும் யூரோரேக் என்ற சின்ன வகையை 1990களின் நடுவில் ஜெர்மனியில் டீட்டர் டோப்ஃபர் தொடங்கினார். அதிலும் ஒரே துளைதான். ஆகவே கொழுந்து போக வேண்டிய இடத்தில் உத்தரவைச் சொருகலாம், உத்தரவு போக வேண்டிய இடத்தில் கொழுந்தைச் சொருகலாம். அடிப்படையில் இரண்டும் ஒரே சாமான் என்றான் பையன். ஒஸிலேட்டர் வினாடிக்கு இரண்டு மூன்று தரம் ஆடினால் அது உத்தரவு. இருபது தரத்தைத் தாண்டி ஆடினால் காதுக்குச் சத்தமாகக் கேட்கும். வித்தியாசம் வேகத்தில் மட்டும்தான். கேட்டுக்கொண்டிருந்த ஓட்டோக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவருடைய அப்பாவையும் நான் ஏசியிருப்பேன்.

யூரோரேக் விலையைச் சொன்னால் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். ஒரு சாதாரண மொடியூல் நூற்றைம்பது யூரோ. அதுமாதிரி ஐந்தாறு இருந்தால்தான் ஒழுங்கான சத்தம். 2024ல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. மாதம் முழுக்கப் பேர் விழுந்தாலும் அந்தக் காசுக்கு ஒரு மொடியூல் வராது. அதனால்தான் இது உலகத்தில் பல இடங்களிலும் பட்டறைகளில் வளர்கிறது. ஒருவர் பெட்டி கொண்டுவருவார், பத்துப் பேர் தொட்டுப் பார்ப்பார்கள். மற்றதைக் கையால் பற்றவைத்துச் செய்துகொள்வார்கள். எங்கள் பையனும் கிட் வாங்கிப் பற்றவைத்த ஒரு சின்னப் பெட்டியைத்தான் கொண்டுவந்திருந்தான். அதை ஒருவர் தொடும்போது மற்றவர்கள் செய்ய ஒரு வேலை வேண்டுமே. அதற்கு 40106 என்ற சிப். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், ஒரு பிளேன்டீயும் ரோலும் சாப்பிடுகிற காசுக்குள் கிடைக்கும் சாமான். அதற்குள் ஆறு ஒஸிலேட்டருக்கு இடம் இருக்கிறது. ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒன்பது வோல்ட் பெட்டரி. கெப்பாசிட்டர் மெல்ல மெல்ல நிரம்பும், ஒரு மட்டத்தைத் தொட்டதும் சிப் மனம் மாறும், வடியும், மறுபடி மனம் மாறும். இந்த மனமாற்றம்தான் சத்தம். அமெரிக்கரான நிக்கலஸ் கொலின்ஸ் 2006ல் வெளியிட்ட புத்தகம் ஒன்றைப் படித்து, உலகெங்கும் பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து கிழவர் வரை இந்தச் சிப்பை நோண்டிக்கொண்டிருக்கிறார்கள். பெட்டரியோடு நில், சுவர்க் கரண்டைத் தொடாதே என்பது அந்த மரபின் சட்டம். வீட்டம்மாவுக்கு இந்தக் கலையில் பிடித்த ஒரே அம்சம் அதுதான்.

பிள்ளைகள் ரெசிஸ்டருக்குப் பதில் வெளிச்சத்துக்கு மாறும் ஒரு சின்னப் பொட்டைச் சொருகினார்கள். வெளிச்சம் கூடினால் சத்தம் ஏறும், குறைந்தால் இறங்கும். ஸ்பிரிங்வெளியில் பதினோரு மணிக்கு வெயில், பதினொன்று ஐந்துக்கு மூடுபனி. யன்னலால் பனி உள்ளே வந்ததும் பிள்ளைகளின் எல்லாச் சிப்பும் ஒன்றாகக் கீழிறங்கி முனகின. வெயில் வந்ததும் எல்லாம் ஏறிக் கத்தின. பிள்ளைகள் கைதட்டினார்கள். என்னுடையது மட்டும் பனிக்கும் வெயிலுக்கும் ஒரே சத்தம். நான் ஹார்மோனியக்காரன், சுருதி அசையக்கூடாது என்று பொட்டின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன்.

சுருதி விசயத்தில் எனக்கும் பையனுக்கும் தகராறே வந்தது. "தம்பி, இதுல ச எங்க?" என்று கேட்டேன்.

"யாரும் வச்சுட்டுப் போகல மாமா. நீங்கதான் வைக்கணும்."

வைத்தேன். வீட்டிலிருந்து ஹார்மோனியத்தைத் தூக்கிவந்து, ஒரு கட்டையில் சட்ஜத்தை அமுக்கிக்கொண்டு, மறு கையால் குமிழைத் திருகி, இரண்டும் சேரும் இடத்தில் நிறுத்தினேன். சேர்ந்தது. மூச்சு விட்டேன். விலகியது. இந்த ரகக் கருவி குளிருக்கும் சூட்டுக்கும் நகரும் என்றான் பையன். எங்கள் ஊர்க் குளிரில் அது ஆள் இல்லாமலே ராகம் மாறும். ஹார்மோனியமோ அப்பா காலத்தில் எந்தச் சுருதியில் வாங்கினாரோ அந்தச் சுருதியில், சில கட்டைகள் ஊமையானது தவிர, உறுதியாக நிற்கிறது. இந்த உறுதியைப் பற்றி நான் ஒரு சிறு சொற்பொழிவு செய்தேன்.

பையன் மறுப்புச் சொல்லவில்லை. லெப்டொப்பைத் திறந்து அகமதாபாத் கதையைச் சொன்னான். அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தச் சொற்பொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அகமதாபாத்தில் 1961ல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969ல் ஒரு மோக் மொடியூலர் சிந்தசைசர் வந்து இறங்கியது. கூடவே டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்காரரும் வந்தார். ஸ்டூடியோவை அமைத்து, அங்கிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இதற்கு வேர் இன்னும் பழையது. சாராபாய் குடும்பத்துப் பெண் கீதா சாராபாய் 1946ல் நியூயோர்க் போய் ஜோன் கேஜைச் சந்தித்தார். இவர் அவருக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தார், அவர் இவருக்கு மேற்கத்திய இசை. காசு கைமாறவில்லை. பாடத்துக்குப் பாடம். டியூடர், கேஜின் நெருங்கிய கூட்டாளி. அந்தத் தொடர்பில்தான் பெட்டி வந்தது. ஸ்டூடியோவில் உட்கார்ந்தவர்களும் ஒரே ரகம் இல்லை. கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, கட்டடக்கலை படித்த ஜின்ராஜ் ஜோஷிபுரா. 1972 வரை பதிவு செய்தார்கள். பிறகு நாடாக்கள் அலுமாரியில் கிடந்தன, லண்டனிலிருந்து வந்த போல் பர்காஸ் தேடிப் பிடிக்கும் வரை. 2023ல் இசைத்தட்டாக வந்தது. ஜோஷிபுராவின் ஒரு துண்டுக்கு 'ஸ்பேஸ் லைனர் 2001' என்று பெயர். 2001 என்றதும் எனக்கு எங்கள் நாட்டில் வந்து குடியிருந்த ஆதர் சி. கிளார்க் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்துக் கணினி ஒன்று பாடியதைக் கேட்டுவந்த மனுசன், தன் '2001' கதையில் கணினி சாகும்போது அதே பாட்டைப் பாட வைத்தார். இதைச் சொல்லி என் பொது அறிவை நிலைநாட்டினேன். யாரும் குறிப்பெடுக்கவில்லை.

ஆனால் என்னை அடித்துப்போட்ட தகவல் வேறு. அகில இந்திய வானொலி 1940ல் ஹார்மோனியத்தைத் தடைசெய்தது. அதன் கட்டைகள் அசையாது, நம் இசையின் கமகத்துக்கு வழிவிடாது என்று காரணம். தடை தளர்ந்தது 1971ல்தான். அதாவது, அகமதாபாத்தில் 1969ல் மோக் பெட்டி ஊளையிட்டுக்கொண்டிருந்தபோது, டில்லி வானொலி நிலைய வாசலில் என் ஹார்மோனியத்துக்கு உள்ளே போக அனுமதியில்லை. எந்த உறுதியைப் பற்றி நான் சொற்பொழிவு செய்தேனோ, அந்த உறுதிதான் குற்றப்பத்திரிகை. பேத்தி இதை வீட்டில் போய் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். வீட்டம்மா, "வானொலிக்காரங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு" என்றாள்.

சரி, மின்சாரத்துக்கும் நம் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று இனியும் கேட்க முடியாது. எங்கள் கோயிலிலேயே பஜனைக்குச் சுருதி போடுவது எலெக்ட்ரோனிக் பெட்டி. பெங்களூரில் ராஜ் நாராயண் என்பவர் 1979ல் எலெக்ட்ரோனிக் தம்புராவைச் செய்துவிட்டார். பூசை நேரத்தில் மணியும் மேளமும் அடிப்பது மோட்டார். சுவிட்சைப் போட்டால் டம்டம் டிங்டிங், நிறுத்தினால் நிற்கும். கமிட்டி அதை வாங்கியபோது பொருளாளர் என்ற முறையில் காசோலையில் கையெழுத்திட்டவன் நான். ஆள் கூலி மிச்சம் என்று கணக்குக் காட்டினேன். அந்த ஆள், பட்டறையில் எனக்கு இரண்டு பாய் தள்ளி உட்கார்ந்திருந்த தப்புக்காரப் பெரியவர்.

கோயிலில் ஹார்மோனியம் உள்ளே உட்காரும். தப்பு வெளியே நிற்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவைப்படாத பக்கத்தில் நான் இருந்தேன். அவருடைய பாட்டன் பூட்டன் காலத்தில் விடியுமுன் பிரட்டுத் தப்பு அடித்து மொத்தத் தோட்டத்தையும் எழுப்பியவர்கள் அவர்கள். சாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, மாசியில் காமன் கூத்துக்கு வேறோர் அடி. தூரத்தில் கேட்டாலே எந்த வீட்டில் என்ன என்று ஊருக்குத் தெரியும்.

அவர் பல ஞாயிறு பேசாமல் இருந்தார். சிப் கத்தும், பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டார்: "தம்பி, சத்தம் வந்துருச்சு. சரி. இது போகவே மாட்டேங்குதே. போகறதுக்குச் சொல்லிக் குடுங்க."

பையன் எழுந்து நின்றுவிட்டான். அத்தனை நாளும் நாங்கள் எல்லாரும் சத்தத்தை வரவழைப்பதில் இருந்தோம். துருத்தி வைத்த எனக்குச் சத்தம் எப்படிப் போகிறது என்று கவலையே வந்ததில்லை, கை வலித்தால் போய்விடும். அடிக்கிறவனுக்கு அதுதான் முழு வேலையும். அடித்த நொடியில் முழுதாக வந்து, எவ்வளவு விரைவாக விழ வேண்டும், விழும்போது எவ்வளவு இறங்க வேண்டும் என்பதில்தான் சாவும் கல்யாணமும் பிரிகின்றன. பெட்டியில் இதற்கென்றே என்வலப் என்ற மெசின் இருக்கிறது. பையன் அதைக் காட்டினான். பெரியவர் குமிழ்களைத் தானே திருகினார். அதே உத்தரவைச் சத்த அளவுக்கும் சுருதிக்கும் ஒன்றாக அனுப்பச் சொன்னார், அவர் பாசையில்: "விழும்போது அடிவயித்துக்கு இறங்கணும்." பொத்தானைத் தட்டினார். தும். ஸ்பீக்கரின் மேலிருந்த பேத்தியின் பென்சில் உருண்டது. உலகத்தில் அனலொக் டிரம் மெசின் செய்தவர்கள் பலரும் கடைப்பிடித்த வழி அதுவேதான் என்று பையன் சொன்னான். பெரியவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தோலு இன்னும் காயணும்" என்று ஃபில்டர் குமிழைத் தேடினார். தப்பை நெருப்பில் காட்டிப் பதமாக்கியவருக்கு ஃபில்டரை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக, "நல்லா இருக்கு" என்றேன். "ஐயாவுக்குக் கேட்டுச்சா?" என்றார். அவர் விசாரித்தது என் காதை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. அன்று எனக்கு முதல்முறையாகப் பையனின் பெட்டியைத் தனியாகத் தொட அனுமதி. சுவர்க் கரண்டில் ஓடும் பெட்டி என்பதால் பையன் பக்கத்திலேயே நின்றான். மஞ்சள் வயர் ஒன்றை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, சொருகினேன். பெட்டி அணைந்தது. மின்விசிறி நின்றது. பக்கத்து லயத்தில் ரேடியோ நின்றது. யன்னலால் எட்டிப் பார்த்த ஒருவர் கீழ் டிவிசனிலும் கரண்ட் இல்லை என்றார். சிறிது நேரத்தில் பதுளையில் இல்லை என்று போன் வந்தது. பிறகு கொழும்பிலும் இல்லை. நாடு முழுவதும் இல்லை. நான் வயரை மெல்லக் கழற்றி எடுத்த இடத்தில் வைத்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் பெட்டரிச் சிப்கள் மட்டும், நாட்டுக்கே இல்லாத சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தன.

பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். செய்தியைக் கேட்ட வீட்டம்மா, "குரங்குங்கிறது சரிதான். ஊர்ப் பேரைத்தான் மாத்திச் சொல்லிட்டாங்க" என்றாள்.

அவளை இந்தக் கதையில் இனியும் வெளியே நிறுத்த முடியாது. வீட்டில் பயிற்சி செய்யப் பேத்தி லெப்டொப்பில் விசிவி ரேக் என்ற மென்பொருளை இறக்கித் தந்தாள். 2017ல் வெளிவந்தது, இலவசம். திரையிலேயே மொடியூல், திரையிலேயே வயர். வெட்டிப் போட்டாலும் காசு நட்டமில்லை. இராச் சாப்பாட்டுக்குப் பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்து வயர் இழுப்பேன். முதல்நாள் வந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் டோர்ச்சோடு வந்து, "பன்றி ஏதும் வயர்ல மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். இரண்டாம் முறை அவர் வரவில்லை. அவர் நாய்தான் வந்தது. மருமகள் பிள்ளையின் படிப்புக் கெடுகிறது என்றாள். எந்தப் பிள்ளையைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

வீட்டம்மா குசினியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் தேங்காய் துருவியபடியே சொன்னாள்: "அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் மெதுவா ஆட வைங்க. இல்ல, அதில்ல. ஆட வைக்கிற அதை." உத்தரவையும் கொழுந்தையும் காதாலேயே பிரித்துச் சொல்லிவிட்டாள். எனக்கு அதற்குப் பிளேன்டீயும் ஒரு தேயிலை ஸ்டோரும் தேவைப்பட்டிருந்தன. மெதுவாக்கினேன். கீச்சு, கழுகு வட்டமிடும்போது போடும் குரலுக்குக் கிட்ட வந்தது. அவள் துருவலை வைத்துவிட்டு வந்து, லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பி, என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள். விடிந்ததும் ஸ்பீக்கர் போஞ்சிப் பாத்திக்குப் போயிற்று. குரங்குகள் பல நாள் வரவில்லை. பிறகு வந்தன. நான் செய்த சத்தத்துக்குத்தான் வந்தன. அவள் செய்ததைப் போட்டால் இன்றும் மதிலிலேயே நிற்கின்றன. போஞ்சி கிலோக் கணக்கில் மிஞ்சுகிறது. கட்சிகள் மாறிவிட்டன, ஞாயிறுகளில் இப்போது பேத்திக்குத் துணை அவள். கதவைத் தாளிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்வது நான்.

இந்தக் கட்டத்தில்தான் விவகாரம் கோயில் கமிட்டிக்கு வந்தது. திருவிழாவில் கரகம் வரும்போது தப்போடு பெட்டியையும் சேர்த்து வாசிக்கப் பெரியவரும் பிள்ளைகளும் அனுமதி கேட்டார்கள். இது வாத்தியமா, லவுட்ஸ்பீக்கர் செட்டா என்று ஒரு கேள்வி எழுந்தது. வாத்தியமென்றால் படி கொடுக்க வேண்டும், செட்டென்றால் வாடகை. தலைவர் என்னைப் பார்த்தார், சங்கீதம் தெரிந்தவன் என்ற நம்பிக்கையில். நான் புக்லாவில் தொடங்கி அகமதாபாத்துக்கு வருவதற்குள் செயலாளர் இடைமறித்து, வாத்தியம் என்றே எழுதிக்கொண்டார். மோட்டார் மேளத்தை அந்த நேரத்தில் நிறுத்துவதென்றும் தீர்மானம். பெரியவர் உள் மண்டபத்தில் உட்கார்ந்து வாசிப்பார், ஏனென்றால் பெட்டிக்குப் பனி ஆகாது. மண்டபத்தில் இடம் போதாததால் இந்த வருசம் ஹார்மோனியம் வெளிப் பந்தலில்.

எதிர்ப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். ஹார்மோனியத்துக்குப் பனி ஒன்றும் செய்யாது என்று நானே ஊரறியப் பேசியிருந்ததால் எதிர்க்க வழியில்லை. ஆனால் செலவுக் கணக்கு இன்னும் என் கையில்தான். ஒன்பது வோல்ட் பெட்டரி, வயர், ஈயம் எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். பேத்தி இன்னும் தரவில்லை. பில் இல்லாமல் பொருளாளர் சதக் காசு விடமாட்டார் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பில்லை எடுத்து வைத்திருப்பது யார் என்று விசாரித்தேன். வீட்டம்மா.